நகரும் புள்ளியிலிருந்து சுற்றுப்பாதை வரை: சிறுகோள்களையும் வால்மீன்களையும் தேடித் தொடரும் முறை

யுரேனஸ் 1781-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது என்று படிக்கிறோம். ஆனால் 1690-ஆம் ஆண்டிலேயே ஜான் பிளாம்ஸ்டீட் அதைத் தொலைநோக்கியில் பார்த்து, ரிஷப விண்மீன் குழுவின் 34-ஆவது விண்மீன் என்று தம் பட்டியலில் எழுதி வைத்திருந்தார். அதற்கும் முன்பு, 1612 டிசம்பரிலும் 1613 ஜனவரியிலும், வியாழனின் நிலவுகளை வரைந்துகொண்டிருந்த கலிலியோவின் குறிப்பேட்டில் நெப்டியூன் ஒரு விண்மீனாக இடம்பெற்றது. அருகிலிருந்த இன்னொரு விண்மீனுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி முந்தைய இரவிலிருந்து மாறியிருப்பதாகத் தோன்றியதைக்கூட அவர் குறித்துவைத்தார். ஆனால் அதைப் பின்தொடரவில்லை. வில்லியம் ஹெர்ஷல் 1781 மார்ச் 13 அன்று ஒரு புள்ளி சற்றே வட்டமாகத் தெரிகிறதே என்று ஐயுற்று, சில இரவுகள் கழித்து மீண்டும் பார்த்து, அது இடம் மாறியிருப்பதை உறுதிசெய்து பிறருக்கு அறிவித்தார். மூவர் கண்ணிலும் கோள் பட்டது. திரும்பி வந்து அளந்தவரே கண்டுபிடித்தவர் ஆனார்.

சிறுகோள்களையும் வால்மீன்களையும் தேடுகிறவர் முதல் நாளிலேயே மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான். ஒரு படத்தில் நகரும் புள்ளியைப் பார்ப்பது வேலையின் மிகச் சிறிய பகுதி. அந்தப் புள்ளி எந்த நொடியில் எந்த இடத்தில் இருந்தது என்பதைத் துல்லியமாக அளப்பதும், மறுநாள் இரவும் அதைத் தேடிப் பிடிப்பதும், அளவீட்டைப் பிறர் பயன்படுத்தும் வடிவில் அனுப்புவதும்தான் அதை அறிவாக மாற்றுகின்றன.

இன்று புதிய சிறுகோள்களில் பெரும்பாலானவற்றைத் தானியங்கி வான் கணக்கெடுப்புகளே கண்டுபிடிக்கின்றன. அரிசோனாவின் கேட்டலினா கணக்கெடுப்பு, ஹவாயின் ஹலேயாகாலா மலைமேல் உள்ள பான்-ஸ்டார்ஸ், ஹவாய், சிலி, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களிலிருந்து இயங்கும் அட்லாஸ் ஆகியவை இவற்றில் முதன்மையானவை. சிலியின் செர்ரோ பச்சோன் மலையில் 8.4 மீட்டர் ஆடியுடன் அமைந்த வேரா ரூபின் வான்நோக்ககம், 2025 ஜூனில் வெளியிட்ட முதல் படங்களில், ஏறத்தாழ பத்து மணி நேரப் பதிவிலிருந்தே 2,104 புதிய சிறுகோள்களைக் காட்டியது. இந்த நிலையில் தனி ஒருவருக்கு என்ன வேலை மிஞ்சியிருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. கணக்கெடுப்புகள் பரந்த வானத்தைத் துழாவிக்கொண்டே நகர்ந்துவிடுகின்றன. அவை கண்ட ஒவ்வொன்றின் பின்னாலும் போக அவற்றுக்கு நேரமில்லை. பின்தொடர ஆளில்லாத பொருள் தொலைந்துபோகிறது. அந்த வேலையில் 20 அல்லது 30 சென்டிமீட்டர் தொலைநோக்கியும் பொறுமையும் உள்ளவருக்கு இன்றும் உண்மையான இடம் இருக்கிறது.

எங்கே பார்ப்பது, எப்போது பார்ப்பது

சிறுகோள்களில் மிகப் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட பட்டையில் சூரியனைச் சுற்றுகின்றன. அவற்றின் பாதைகள் பூமியின் பாதைத் தளத்திலிருந்து அதிகம் சாய்வதில்லை என்பதால், சூரியன் ஓராண்டில் கடந்து செல்லும் வானப் பாதையை ஒட்டியே அவற்றைத் தேட வேண்டும். அப்பாதையில் சூரியனுக்கு நேரெதிரே உள்ள புள்ளி மிகவும் வளமான இடம். நள்ளிரவில் அது வானில் உயரத்தில் நிற்கும். அங்கே இருக்கும் சிறுகோள் பூமிக்கு மிக அருகில் இருப்பதோடு, முழுநிலவைப் போல நம்மை நோக்கிய பக்கம் முழுதும் ஒளியூட்டப்பட்டிருப்பதால் மிகப் பொலிவாகவும் தெரியும். இந்நிலையை எதிர்நிலை என்கிறோம்.

நகர்வின் வேகத்தைக் கூறும் அலகைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. முழுநிலவின் விட்டம் ஏறத்தாழ அரைப் பாகை, அதாவது 1,800 விகலை. எதிர்நிலையில் உள்ள பட்டைச் சிறுகோள் ஒன்று மணிக்கு 30 முதல் 40 விகலை வேகத்தில் மேற்கு நோக்கி நகரும். அந்த நகர்வில் பெரும்பங்கு பூமியின் ஓட்டத்தால் ஏற்படும் தோற்றமே. பூமி உட்பாதையில் விரைந்து முந்திச் செல்வதால் அது பின்வாங்குவதுபோல் தெரிகிறது. ஆகவே வேகமே தொலைவைச் சொல்லிவிடுகிறது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தொலைவை ஒரு வானியல் அலகு என்கிறோம். நெப்டியூனுக்கு அப்பால், சூரியனிலிருந்து 40 வானியல் அலகு தொலைவில் உள்ள பொருள் மணிக்கு மூன்று நான்கு விகலைதான் நகரும். பூமியை நெருங்கி வரும் சிறுகோளோ நிமிடத்துக்குப் பல விகலை ஓடும். மிக அருகே கடக்கும் நாளில் மணிக்குப் பல பாகை கூட ஓடலாம்.

எதிர்நிலையிலிருந்து விலகிச் செல்லச் செல்ல இந்தக் கணக்கு ஏமாற்றத் தொடங்கும். எதிர்நிலைக்கு முன்னும் பின்னும் சில வாரங்களில் ஒவ்வொரு சிறுகோளும் திசை மாறும் இடத்தில் நின்றுவிடுவதுபோல் தோன்றும். அப்போது சாதாரணப் பட்டைச் சிறுகோள்கூட மிகத் தொலைவில் உள்ள பனிப்பொருள் போல மெதுவாக ஊரும். மெதுவாக நகரும் ஒன்றைக் கண்டு மகிழ்வதற்கு முன், அது சூரியனிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. ஜூனிலும் டிசம்பரிலும் எதிர்நிலைப் புள்ளி பால்வீதியின் மேல் விழுகிறது. அங்கே விண்மீன்களின் நெரிசலில் மங்கலான புள்ளியைப் பிரித்தறிவது கடினம் என்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் மற்ற மாதங்களைத் தேர்ந்துகொள்ளலாம். முழுநிலவை ஒட்டிய இரவுகளை மங்கலான பொருள்களுக்குச் செலவிட வேண்டாம்.

கருவியும் அதன் கணக்கும்

முதல் பயிற்சிக்கு இருகண் நோக்கியும் ஒரு தாளும் போதும். வான்பொருளின் பொலிவைக் கூறும் எண் பொலிவெண்; எண் கூடக் கூடப் பொருள் மங்கலாகும். பெரிய சிறுகோளான வெஸ்டா எதிர்நிலையில் ஐந்தாம், ஆறாம் பொலிவெண்ணிலும், மிகப் பெரிதான சீரஸ் ஏழாம் பொலிவெண்ணை ஒட்டியும் தெரியும். ஸ்டெல்லேரியம் போன்ற வான்வரைபடச் செயலியில் அவற்றின் இடத்தைப் பார்த்துக்கொண்டு, அப்பகுதியின் விண்மீன்களைக் கையால் வரைந்து, இரண்டு மூன்று இரவுகள் கழித்து மீண்டும் வரைந்து பாருங்கள். இடம் மாறிய புள்ளி எது என்று தானே தெரியும். இதைத் தாண்டிப் போகாமல் நேரே கேமராவுக்குத் தாவுகிறவர்கள் பலர் உண்டு. ஆனால் வானம் நகரும் விதத்தைக் கண் பழகிக்கொள்வதற்கு இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

அளவீட்டுப் பணிக்கு மூன்று பொருள்கள் தேவை: வானத்தின் சுழற்சியைச் சீராகப் பின்தொடரும் தாங்கி, வண்ண வடிப்பான் இல்லாத கறுப்பு-வெள்ளைக் கேமரா, அவற்றுக்கு ஏற்ற தொலைநோக்கி. கேமராவும் தொலைநோக்கியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதை எளிய கணக்கால் அறியலாம். பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து, 206.265 ஆல் பெருக்கி, தொலைநோக்கியின் குவியத் தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதனால் வகுத்தால், ஒரு பிக்சல் வானில் எத்தனை விகலையை அடைக்கிறது என்பது கிடைக்கும். 3.76 மைக்ரான் பிக்சலும் 800 மில்லிமீட்டர் குவியத் தூரமும் சேர்ந்தால் விடை ஏறத்தாழ 0.97 விகலை. காற்றின் கலக்கத்தால் மூன்று விகலை அளவுக்கு விரிந்து தெரியும் விண்மீன் உருவம் மூன்று பிக்சல்களில் பரவும். அதன் மையத்தை அளப்பதற்கு இது பொருத்தமான நிலை. ஒரே பிக்சலுக்குள் விண்மீன் அடங்கிவிட்டால் மையம் எங்கே என்று மென்பொருளால் கூற இயலாது. பத்துப் பிக்சல்களில் பரவினால் ஒளி சிதறி மங்கலான பொருள்கள் மறைந்துபோகும்.

ஒளிபதிவு நேரத்தைத் தீர்மானிப்பதும் இதே கணக்கின் தொடர்ச்சியே. பொருள் ஒரு படத்துக்குள் விண்மீன் உருவத்தின் அகலத்தைவிட அதிகம் நகர்ந்தால், அதன் ஒளி கோடாக நீண்டு மங்கிவிடும். அதற்குமேல் ஷட்டரைத் திறந்து வைப்பதால் பயனில்லை. நிமிடத்துக்கு அரை விகலை நகரும் பட்டைச் சிறுகோளுக்கு இரண்டு மூன்று நிமிடப் பதிவு பாதுகாப்பானது. நிமிடத்துக்குப் பத்து விகலை ஓடுவதற்கு 15 நொடியே அதிகம். வேகமாக ஓடும் மங்கலான பொருளுக்கு, குறுகிய நேரப் படங்களைப் பல எடுத்து, பொருளின் எதிர்பார்க்கும் திசையிலும் வேகத்திலும் ஒவ்வொரு படத்தையும் நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறை பயன்படுகிறது. விண்மீன்கள் கோடுகளாக நீளும். சிறுகோள் புள்ளியாகத் திரளும். ஆஸ்ட்ரோமெட்ரிகா, டைக்கோ டிராக்கர் ஆகிய மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. டைக்கோ டிராக்கர், திசையும் வேகமும் தெரியாதபோதும் சாத்தியமான பல நகர்வுகளை முயன்று பார்த்து, தனிப் படம் எதிலும் தெரியாத பொருளைக்கூட வெளிக்கொணர வல்லது.

கடிகாரத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்களின் அளவீடுகள் பெரும்பாலும் இங்கேதான் கெடுகின்றன. நிமிடத்துக்குப் பத்து விகலை ஓடும் பொருளில் ஆறு நொடிப் பிழை என்பது ஒரு முழு விகலைப் பிழை. கணினியின் கடிகாரத்தை இணைய நேரச் சேவையகத்தோடோ ஜிபிஎஸ் கருவியோடோ ஒத்திசைத்து, நொடியின் சிறு பகுதிக்குள் வைத்திருக்க வேண்டும். அளவீட்டில் எழுத வேண்டிய நேரம் பதிவின் நடுப்புள்ளி. கேமரா மென்பொருள் கோப்பில் எழுதுவது வழக்கமாகத் தொடக்க நேரம். இரண்டையும் குழப்பினால், ஒவ்வொரு அளவீடும் அரைப் பதிவு நேரம் தவறும்.

ஒரு இரவின் வேலை

தேர்ந்த வானப் பகுதியை மூன்று அல்லது நான்கு முறை, 15 முதல் 20 நிமிட இடைவெளியில் படம் எடுங்கள். இரண்டு படங்கள் போதாது. இரண்டு புள்ளிகளை எப்போதும் ஒரு நேர்கோட்டால் இணைத்துவிடலாம். மூன்றாவதும் நான்காவதும் அதே கோட்டில் அதே வேகத்தில் விழுந்தால்தான் அது உண்மையான பொருள் என்று நம்பத் தொடங்கலாம். கேமராவின் வெப்ப இரைச்சலைக் கழிப்பதற்கான டார்க் படங்களையும், ஒளி சமமற்று விழுவதைச் சரிசெய்வதற்கான பிளாட் படங்களையும் அதே இரவில் எடுத்துவிடுங்கள்.

பின்னர், படங்களை விண்மீன்கள் பொருந்துமாறு அடுக்கி, மாற்றி மாற்றிக் காட்டச் செய்து பார்க்க வேண்டும். 1930 பிப்ரவரி 18 அன்று கிளைட் டோம்பா, ஜனவரி 23-ஆம் தேதியும் 29-ஆம் தேதியும் எடுக்கப்பட்ட இரு கண்ணாடித் தகடுகளை இதே முறையில் ஒரு கருவியின் கீழ் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் புளூட்டோவைக் கண்டுபிடித்தார். இப்போது மென்பொருள் இதைத் தானாகச் செய்தாலும், கண்ணால் பார்ப்பதை விட்டுவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எப்போதும் ஒளிர்வதாகப் பதிவாகும் பழுதான ஒளிமிகு பிக்சல்கள், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் தாக்கங்கள், பொலிவான விண்மீனின் உட்பிரதிபலிப்புகள், செயற்கைக்கோள்கள் ஆகிய அனைத்தும் மென்பொருளை ஏமாற்றும். மெதுவாக வழுகும் தாங்கியில், ஒளிமிகு பிக்சல்கள் எல்லாம் ஒரே திசையில் ஒரே வேகத்தில் நகரும் சிறுகோள்கள் போலத் தோன்றுவதை ஒருமுறை பார்த்தவர் பிறகு எளிதில் ஏமாறமாட்டார்.

நகரும் புள்ளி உண்மையானது என்று தெரிந்ததும், அது ஏற்கெனவே அறியப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அறியப்பட்ட சிறுகோள்கள் இன்று 14 லட்சத்துக்கும் மேல். பூமியை நெருங்குபவை மட்டுமே 40,000-ஐ ஒட்டி உள்ளன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் இயங்கும் மைனர் பிளானட் சென்டர், சர்வதேச வானியல் ஒன்றியத்தின் சார்பில் உலகின் எல்லா அளவீடுகளையும் பெற்றுச் சேர்க்கும் மையம். ஒரு நேரத்தையும் இடத்தையும் கொடுத்தால் அங்கே என்னென்ன சிறுகோள்கள் இருக்க வேண்டும் என்று கூறும் சேவை அதன் தளத்தில் உள்ளது. சிறு தொலைநோக்கியில் தெரியும் புள்ளி ஏறக்குறைய எப்போதும் அறிந்ததாகவே இருக்கும். அதில் வருந்த ஒன்றுமில்லை. அதன் அளவீடும் தேவைப்படுவதே.

அளவீடும் அறிவிப்பும்

இடத்தை அளப்பது என்றால், படத்தில் உள்ள விண்மீன்களை ஒரு பட்டியலோடு ஒப்பிட்டு, அவற்றுக்கு நடுவே உங்கள் பொருளின் வல ஏற்றத்தையும் நடுவரை விலக்கத்தையும், அதாவது வானத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை போன்ற இரு கோணங்களைக் கணிப்பதாகும். ஏறத்தாழ 180 கோடி விண்மீன்களின் இடங்களை அளந்த காயா விண்கலத்தின் பட்டியலையே பயன்படுத்துங்கள். பழைய பட்டியல்களில் அவற்றுக்கே உரிய பிழைகள் இருந்தன. கணிப்பின் முடிவில் மென்பொருள் தரும் எச்சப்பிழை, அதாவது அளந்த இடத்துக்கும் எதிர்பார்த்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு, ஒரு விகலையைவிட நன்கு குறைவாக இருக்க வேண்டும், தேர்ந்தவர்கள் 0.2, 0.3 விகலையை எட்டுகிறார்கள்.

பணியைத் தொடங்குபவர், எண்ணிடப்பட்ட சிறுகோள்கள் சிலவற்றைக் குறைந்தது இரண்டு இரவுகள் அளந்து, தம் இடத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை, உயரம் ஆகியவற்றோடு மைனர் பிளானட் சென்டருக்கு அனுப்ப வேண்டும். அளவீடுகளின் தரம் நன்றாக இருந்தால் எழுத்துகளும் எண்களுமாக மூன்று இடங்கள் கொண்ட வான்நோக்ககக் குறியீடு வழங்கப்படும். அதன்பின் அனுப்பும் ஒவ்வொரு அளவீடும் அந்தக் குறியீட்டோடு நிரந்தரமாகப் பதிவாகும். அனுப்புவதற்கு முன் உங்கள் எச்சப்பிழைகளைத் திசைவாரியாகப் பாருங்கள். பிழைகள் எல்லாத் திசையிலும் சிதறியிருந்தால் அது சாதாரண இரைச்சல். பொருள் நகரும் திசையிலேயே அவை நீண்டு கிடந்தால் உங்கள் கடிகாரம் தவறு. வேகமாக ஓடும், பாதை நன்கறிந்த சிறுகோள் ஒன்றை அவ்வப்போது அளந்து இதைச் சோதிப்பது நல்ல பழக்கம்.

இப்போது அளவீடுகள் ஏடெஸ் என்ற வடிவில் அனுப்பப்படுகின்றன. மென்பொருளே அதை எழுதித் தரும். அறியாத பொருளுக்கு நீங்களே ஒரு தற்காலிகப் பெயரிட்டு, அந்த இரவின் மூன்று நான்கு அளவீடுகளையும் சேர்த்து அனுப்புங்கள். மறு இரவு அளவீடு வராவிட்டால், அது பெயர் பெறாமல் தனித் தடங்களின் கோப்பில் காத்திருக்கும். ஆகவே அடுத்த இரவை அதற்காகவே ஒதுக்கி வையுங்கள். முந்தைய இரவின் நகர்வை நேர்கோட்டில் நீட்டினாலே பட்டைச் சிறுகோளை மறுநாள் பிடித்துவிடலாம்.

பூமியை நெருங்கும் பொருள்களுக்கு இவ்வளவு நேரம் இருப்பதில்லை. சூரியனிலிருந்து 1.3 வானியல் அலகுக்குள் வரும் பாதை கொண்டதாக ஐயுறப்படும் பொருள்களை மைனர் பிளானட் சென்டர் ஓர் உறுதிசெய்யும் பக்கத்தில் உடனுக்குடன் வெளியிடுகிறது. அவை எங்கே இருக்கக்கூடும் என்ற நிச்சயமின்மைப் பரப்பும் அங்கே தரப்படும். உங்கள் தொலைநோக்கி எட்டும் பொலிவில், உங்கள் படப்பரப்புக்குள் அடங்கும் நிச்சயமின்மையோடு உள்ள ஒன்றைத் தேர்ந்து அளந்து அனுப்புவதே தனி ஒருவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பணி என்று கருதுகிறேன். 2008 அக்டோபர் 6 அன்று கேட்டலினா கணக்கெடுப்பு கண்ட 2008 டிசி3, ஏறத்தாழ 19 மணி நேரத்தில் சூடானின் நூபியப் பாலைவனத்தின் மேல் வெடித்துச் சிதறியது. மோதுவதற்கு முன்பே கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அது. எங்கே விழும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடிந்ததற்குக் காரணம், அந்தச் சில மணி நேரத்தில் பல நாடுகளிலிருந்து வந்த அளவீடுகள். 2023 பிப்ரவரியில் ஹங்கேரியின் கிறிஸ்டியான் சார்னெட்ஸ்கி கண்ட 2023 சிஎக்ஸ்1 ஏழு மணி நேரத்துக்குள் பிரான்சின் மேல் விழுந்தது. அதன் துண்டுகளும் தேடி எடுக்கப்பட்டன.

மூன்று அளவீடுகள், ஆறு எண்கள்

சூரியனைச் சுற்றும் பாதை ஒன்றை முழுதாக விவரிக்க ஆறு எண்கள் வேண்டும். பாதையின் அளவு, நீள்வட்டத்தின் நீட்சி, தளத்தின் சாய்வு, அத்தளம் திரும்பியிருக்கும் திசை, தளத்துக்குள் நீள்வட்டம் திரும்பியிருக்கும் திசை, குறித்த நாளில் பொருள் இருக்கும் இடம் என்பவை அவை. ஓர் அளவீடு இரண்டு கோணங்களைத் தருகிறது. எனவே கோட்பாட்டளவில் மூன்று அளவீடுகள் போதும். 1801 ஜனவரி 1 அன்று பலேர்மோவில் ஜுசெப்பே பியாசி கண்ட சீரஸ், அவர் பிப்ரவரி 11 வரை பின்தொடர்ந்த பிறகு சூரிய ஒளியில் மறைந்துபோனது. 24 வயதுக் கணிதவியலாளர் கார்ல் பிரெடரிக் காஸ் அந்தச் சில வார அளவீடுகளிலிருந்து பாதையைக் கணித்துக் கொடுத்தார். அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று வானியலாளர் பிரான்ஸ் பான் சாக் அதை மீண்டும் கண்டார்.

இன்று பைண்ட் ஆர்ப் என்ற இலவச மென்பொருளில் உங்கள் அளவீடுகளை இட்டு நீங்களே பாதையைக் கணித்துப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஒரே இரவின் அளவீடுகளை இட்டால், ஒன்றோடொன்று சிறிதும் ஒவ்வாத பல பாதைகள் அவற்றோடு சமமாகப் பொருந்துவதைக் காண்பீர்கள். இரண்டாம் இரவைச் சேர்த்ததும் பல பாதைகள் உதிரும். ஒரு மாதம் கழித்து ஓர் அளவீட்டைச் சேர்த்தால் பாதை இறுகிவிடும். அடுத்தடுத்த ஐம்பது அளவீடுகளைவிட, நீண்ட இடைவெளிக்குப் பிறகு எடுத்த ஒன்று அதிகம் பேசும் என்பது இந்தச் சோதனையில் தெளிவாகத் தெரியும்.

செய்திகளில் வரும் மோதல் வாய்ப்புகளையும் இதைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். 2024 டிசம்பர் 27 அன்று அட்லாஸின் சிலித் தொலைநோக்கி கண்ட 2024 ஒய்ஆர்4, 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் மூன்று விழுக்காட்டைத் தாண்டியது. அடுத்த சில நாள்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆனது. யாரும் தவறாகக் கணக்கிடவில்லை. அளவீடுகள் சேரச் சேர நிச்சயமின்மைப் பரப்பு சுருங்குகிறது. பூமி அதற்குள் இருக்கும்வரை, சுருங்கும் பரப்பில் பூமி அடைக்கும் பங்கு ஏறுகிறது. பூமி அதன் விளிம்புக்கு வெளியே சென்ற கணத்தில் வாய்ப்பு சரிகிறது.

முன்னோக்கித் தொடர்வதைப் போலவே பின்னோக்கித் தேடுவதும் பாதையை இறுக்கும். 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் அபோபிஸ் என்ற சிறுகோள் 2029-இல் மோதும் வாய்ப்பு 2.7 விழுக்காடு என்று கணிக்கப்பட்டபோது, அதே ஆண்டு மார்ச் மாதப் படங்களில் அது கவனிக்கப்படாமல் பதிவாகியிருந்தது கண்டறியப்பட்டது. அந்தப் பழைய அளவீடுகள் மோதலை விலக்கின. 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து செல்லும். உங்கள் பழைய படங்களை அழித்துவிடாமல் நேரக் குறிப்போடு சேமித்து வைப்பதற்கு இதைவிடச் சிறந்த காரணம் தேவையில்லை.

வால்மீன்கள்

கணக்கெடுப்புத் தொலைநோக்கிகள் பெரும்பாலும் இருண்ட வானத்தையே பார்க்கின்றன. சூரியனுக்கு அருகே, விடியலுக்கு முன்பும் அந்திக்குப் பின்பும் அடிவானத்தை ஒட்டிய பகுதி அவற்றின் கைக்கு எளிதில் எட்டாது. வால்மீன்கள் பொலிவடைவதோ சூரியனை நெருங்கும்போதுதான். எனவே தனி ஒருவர் இன்றும் முந்திக்கொள்ளக்கூடிய இடம் அது. 2019 ஆகஸ்ட் 30 அன்று கென்னடி போரிசோவ், தாமே கட்டிய 65 சென்டிமீட்டர் தொலைநோக்கியால் விடியல் வானில் கண்ட வால்மீன், வேறொரு விண்மீனைச் சுற்றிப் பிறந்து சூரியக் குடும்பத்தின் ஊடே கடந்து சென்றது என்பது பின்னர் தெரிந்தது. 2023 ஆகஸ்டில் ஹிடியோ நிஷிமுரா சாதாரண டிஜிட்டல் கேமராவும் 200 மில்லிமீட்டர் லென்சும் கொண்டு ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அந்திப் பகுதியை இருகண் நோக்கியாலோ தொலைநோக்கியாலோ தேடும்போது, சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருப்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இதில் ஒரு கணக் கவனக்குறைவும் கண்ணைப் பறித்துவிடும்.

மங்கலான பஞ்சு போன்ற ஒன்றைக் கண்டால், அது விண்மீன் கொத்தோ, நெபுலாவோ, அண்டமோ அல்ல என்று வரைபடத்தில் பார்க்க வேண்டும். சார்லஸ் மெஸ்ஸியே தம் புகழ்பெற்ற பட்டியலைத் தொகுத்ததே, வால்மீன் தேடுவோர் இவற்றைக் கண்டு ஏமாறாதிருக்கத்தான். படத்தில் இருக்கும் பொருள் சிறுகோளா வால்மீனா என்று அறிய, அதன் நகர்வுக்கு ஏற்ப அடுக்கிய படத்தில் அதன் உருவ அகலத்தை அளந்து, விண்மீன்களுக்கு ஏற்ப அடுக்கிய படத்தில் அதே பொலிவுள்ள விண்மீன்களின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். தெளிவாக அகன்றிருந்தால், ஒரே இரவில் முடிவெடுக்காமல் மறு இரவும் அளந்து, விவரத்தோடு அறிவியுங்கள். இடத்தை அளக்கும்போது மையத்துச் செறிவை மட்டும் சிறிய வட்டத்துக்குள் அளக்க வேண்டும். பெரிய வட்டம் எடுத்தால் வாலின் ஒளி மையத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும். பொலிவை அளப்பதற்கோ தலைப்பகுதி முழுவதையும் உள்ளடக்கும் பெரிய வட்டம் வேண்டும். ஒரே வட்ட அளவை இரண்டுக்கும் பயன்படுத்துவதாலும் வால்மீன் பொலிவுப் பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன.

தொலைநோக்கியே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 1995-இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலம் சூரியனைச் சுற்றிய பகுதியைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வந்துள்ளது. அப்படங்களில் இதுவரை 5,000-க்கும் மேற்பட்ட வால்மீன்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டவர்கள் தம் கணினியில் படங்களைப் பார்த்த தன்னார்வலர்கள். கேட்டலினா கணக்கெடுப்பின் படங்களில் நகரும் பொருள்களை உறுதிசெய்யும் பணி தன்னார்வலர்கள் அறிவியல் ஆய்வுகளுக்கு உதவும் ஜூனிவர்ஸ் இணையதளத்தில் எவருக்கும் திறந்திருக்கிறது. பான்-ஸ்டார்ஸ் படங்களை மாணவர் குழுக்களுக்கு வழங்கி, ஆஸ்ட்ரோமெட்ரிகாவில் அளக்கப் பழக்கும் சர்வதேசத் திட்டமும் நடந்துவருகிறது. சிறு தொலைநோக்கி வைத்திருந்து, அளவீட்டைவிட நேரக் கணிப்பில் ஆர்வம் கொண்டவர்கள், சிறுகோள் ஒரு விண்மீனை மறைக்கும் சில நொடிகளைப் பதிவுசெய்யலாம். சாரிக்லோ என்ற சிறு உலகைச் சுற்றி வளையங்கள் இருப்பது 2013-இல் இம்முறையால்தான் தெரியவந்தது.

பெயரும் எண்ணும்

இரண்டு இரவுகள் அளக்கப்பட்டு, அறிந்தவற்றோடு பொருந்தாத பொருளுக்குத் தற்காலிகக் குறியீடு கிடைக்கும். 2024 ஒய்ஆர்4 என்பதில் முதலெழுத்து டிசம்பரின் பின்பாதியைக் குறிக்கிறது. மீதி, அந்த அரை மாதத்தில் குறியீடு பெற்ற 117-ஆவது பொருள் அது என்கிறது. பட்டைச் சிறுகோளுக்கு நிலையான எண் கிடைக்க, வழக்கமாக நான்கு எதிர்நிலைகளிலாவது அது அளக்கப்பட்டிருக்க வேண்டும்; அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். வால்மீன்களுக்குக் கண்டவரின் பெயரோ கண்ட திட்டத்தின் பெயரோ வைக்கப்படுகிறது. சிறுகோளுக்கோ, எண் கிடைத்த பிறகு பெயரை முன்மொழியும் உரிமை பத்து ஆண்டுகளுக்குக் கண்டுபிடித்தவரிடம் இருக்கும். பெயர் ஆங்கிலத்தில் 16 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். வணிகப் பெயர்கள் ஏற்கப்படுவதில்லை. அரசியல், படைத்துறை சார்ந்தவர்களின் பெயரை அவர்கள் இறந்து நூறு ஆண்டுகள் கழித்தே வைக்கலாம். கண்டுபிடித்தவர் யார் என்பதைத் தீர்மானிக்கும்போதும், மைனர் பிளானட் சென்டர் இரண்டாம் இரவின் அளவீட்டைப் பார்க்கிறது. எந்த எதிர்நிலையில் இரண்டாம் இரவின் அளவீடு முதன்முதலாக வந்து சேர்ந்ததோ, அந்த எதிர்நிலையில் முதல் அளவீட்டை அனுப்பியவருக்கே அந்த உரிமை செல்கிறது.